அக்காவுக்காகப் பேசிய பழைய கணினி

அக்காவின் சக்கர நாற்காலியில், இடது முழங்காலுக்குப் பக்கத்தில், ஓர் அழைப்புமணிப் பொத்தான் பொருத்தப்பட்டிருந்தது. வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டுகிற சாதாரண வெள்ளைப் பொத்தான்தான். மலேசியாவில், அவர்கள் இருந்த கூலாய் ஊரில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். அதிலிருந்து கிளம்பிய மெல்லிய கம்பி நாற்காலியின் கால் வழியாக இறங்கி, தரையில் ஒட்டிய டேப்புக்கு அடியில் ஓடி, சாப்பாட்டு மேசைமேல் இருந்த கணினியின் மவுஸுக்குள் நுழையும். மவுஸின் வயிற்றைத் திறந்து, இடது கிளிக் இருக்கும் இடத்தில் அத்தான் அந்தக் கம்பியைப் பற்றவைத்திருந்தார். அக்கா முழங்காலைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், திரையில் வரிசை வரிசையாக ஒளிர்ந்து நகரும் எழுத்துகளில் ஒன்று பிடிபடும். எழுத்துகள் சேர்ந்து ஒரு வாக்கியமானதும் இன்னொரு தட்டல். மேசைமேலிருந்து ஒரு குரல் அதைப் படிக்கும். அது அக்காவின் குரல் அல்ல. ஆனால் அவளுடைய கடைசி வருடங்களில் எங்கள் எல்லாருக்கும் அதுதான் அக்காவின் குரலாக இருந்தது.

அந்தக் கணினியை நினைக்கும்போதெல்லாம் அத்தான்மேல் எனக்கு இரண்டு விதமான எண்ணங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை. அவர் இன்றும் கூலாயில் அதே வரிசை வீட்டில்தான் இருக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நான், லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இதை எழுதப்போவதாக அவரிடம் சொன்னேன். "எழுதும்மா. நடந்ததத்தானே எழுதப்போறே" என்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். செனாயில் மின்னணுப் பலகைகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள் என்று கல்யாணமான புதிதிலேயே கேலி செய்வோம். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. யாரும் வைத்திருக்காத கணினிகள். எல்லார் வீட்டிலும் இருக்கிற கணினியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். உள்ளே இருக்கும் சில்லு வேறு சாதியாக இருக்க வேண்டும், அதைச் செய்தவர்களே அதைக் கைவிட்டிருக்க வேண்டும், அப்போதுதான் தூக்கிக்கொண்டு வருவார். ஜொகூர் பாருவில் ஓர் அச்சகம் மூடியபோது அங்கே பக்க வடிவமைப்புக்கு வைத்திருந்த மூன்று மேசைக் கணினிகளைக் கேட்டு வாங்கிவந்தார். பவர்பிசி என்ற சில்லு வைத்தவை. அவற்றுக்காகப் புதிதாக எதுவும் எழுதப்படுவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அத்தான் அவற்றில் லினக்ஸை ஏற்றினார். லினக்ஸ் என்பது உலகத்தின் பல மூலைகளிலிருந்து பலர் சேர்ந்து எழுதுகிற இயங்குதளம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். சாதாரணக் கணினியில் அதை ஏற்றுவது ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. அத்தானின் கணினிகளில் அப்படியல்ல. ஒன்று ஓடினால் ஒன்று ஓடாது. திரை வந்தால் சத்தம் வராது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டோர் ரூமில் மின்விசிறிகள் இரைந்துகொண்டிருக்கும், அவர் முன்னால் உட்கார்ந்து வெள்ளை எழுத்துகள் மேலே ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எல்லாருகிட்டயும் இருக்கறத ஓட்டறதுல என்னா இருக்கு?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். "இத விட்டுட்டா இது வெறும் இரும்பு. நான் ஒருத்தன் ஓட்டிக்கிட்டிருக்கற வரைக்கும் கம்ப்யூட்டரு."

நாங்கள் சிகாமட் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா அங்கே மாதா கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாராக இருந்தவர். அத்தான் இந்துக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் எந்தக் கோயிலுக்கும் போகாதவர். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "அவருக்கு மாரியம்மன் கோயிலும் வேணாம், சர்ச்சும் வேணாம். ஸ்டோர் ரூம்லதான் பூசை."

அக்கா கூலாயில் ஒரு கிளினிக்கின் கவுண்டரில் இருந்தாள். தமிழ், மலாய், கொஞ்சம் ஹொக்கியென் சீனம் என்று வருகிறவர்களுக்கு ஏற்ப மாற்றி மாற்றிப் பேசுவாள். டாக்டரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இவளிடம் கதை சொல்லிவிட்டுப் பாதி குணமாகிப் போவார்கள் என்று டாக்டரே சொல்வாராம். அந்த வாய்தான் முதலில் குழறியது. 'ர' வராமல் போனது. பிறகு கையிலிருந்து பேனா நழுவியது. ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் பல சோதனைகளுக்குப் பிறகு, தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார்கள். மருந்து கிடையாது. அறிவும் நினைவும் கடைசிவரை அப்படியே இருக்கும் என்றார் டாக்டர், ஆறுதலாகச் சொல்வதுபோல. காரில் வரும்போது அக்கா குழறலோடு கேட்டாள்: "மனசு அப்படியே இருக்கும்னு சொன்னாரே, அது நல்லதா, கெட்டதா?" அத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் வந்துகொண்டேயிருந்தன.

அதே சமயத்தில்தான் அவருடைய தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம் மாறியது. இன்னொரு வேலை தேடியிருக்கலாம். அவர் தேடவில்லை. அக்காவைக் குளிப்பாட்டுவது, குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பது, தூக்கி உட்காரவைப்பது எல்லாம் அவர் வேலையாயின. ஒருநாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் நான் எழுதப்போவதைப் படித்து அவரைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.

பேச்சு முழுவதுமாக நின்றபோது நான் ஒரு டேப்லெட் வாங்கிவந்தேன். அக்காவின் விரல் தொட நினைத்த இடத்தைத் தொடவில்லை. பிறகு அவர்கள் வீட்டில் இருந்த சாதாரண மடிக்கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். ஒருநாள் மூச்சு முட்டி, படுக்கையை உயர்த்தச் சொல்லி அவள் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அணைந்துபோனது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் நீலம் பூத்திருந்தது. சமையலறையிலிருந்து வந்த அத்தான் பார்த்துவிட்டார், நல்லவேளை. அன்றைக்கே அந்த மடிக்கணினியை மூடி அலமாரியில் வைத்தார். "இவ பேசறதுக்கு நடுவுல எவனும் வந்து வாய மூடக்கூடாது" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

ஸ்டோர் ரூமிலிருந்து பவர்பிசி ஒன்று சாப்பாட்டு மேசைக்கு வந்தது. தான் சொன்னதைத் தவிர வேறெதையும் செய்யாது என்று அவருக்குத் தெரிந்த கணினி அது. எழுத்துகளை நகர்த்தும் நிரலை அவரே எழுதினார். படித்துக் காட்ட இலவசமாகக் கிடைக்கும் பேச்சு மென்பொருள் ஒன்றைச் சேர்த்தார். முதல்நாள் அக்கா பொத்தானைத் தட்டியதும் வந்தது பேச்சல்ல. தகரக் கூரையில் பெருமழை கொட்டுவதுபோல ஓர் இரைச்சல். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். அந்தச் சில்லு எண்களை மற்ற கணினிகளுக்கு நேரெதிர் வரிசையில் எழுதிவைக்குமாம். பேச்சு மென்பொருளை எழுதியவர்கள் அதை மறந்துவிட்டார்களாம். எங்கே எந்த வரியில் மறந்தார்கள் என்று கண்டுபிடித்துத் திருத்த அவருக்குப் பல நாள் ஆயிற்று. அந்தத் திருத்தத்தை வெளிநாட்டில் அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அனுப்பினார், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

திருத்திய பிறகு அக்கா முதலில் எழுதிய வாக்கியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அலமாக், ஆம்பள கொரலா இருக்கு." அவள் எப்போதும் சொல்கிற மலாய் 'ஐயோ'தான் அந்த அலமாக். எல்லாரும் சிரித்தோம். அக்காவால் சிரிக்க முடியவில்லை, கண்ணில் நீர் வழிந்தது. அத்தான் குரலின் சுருதியை ஏற்றி ஏற்றி வைத்தார், கடைசியில் அது ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல், சளி பிடித்த ஒரு குழந்தையின் குரல்போல நின்றது. எங்கள் ஊர்ப் பேச்சுப்படி அவள் வாக்கியத்துக்கு வாக்கியம் சேர்க்கிற 'லா'வை அது நீட்டி முழக்கியது. அதையும் குறுக்கினார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வந்தால் அக்கா மலாயில் எழுதுவாள், கணினி அதைத் தமிழ் நாக்கோடு படிக்கும், அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் இருந்தது.

அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. சின்ன வயதிலிருந்தே சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது அப்பா ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்வார், அக்கா மறுபாதியைச் சொல்வாள். தம்பியும் நானும் தூங்கி வழிவோம். கல்யாணமாகிப் போன பிறகும் தொலைபேசியில் அதைத் தொடர்ந்தார்கள். அவர் சிகாமட்டிலிருந்து, இவள் கூலாயிலிருந்து. அவள் பேச்சு நின்றபோது அப்பா நிறுத்திவிட்டார். தம்பி வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தவர், தனியாகவும் சொல்லவில்லை. "பதில் சொல்ல ஆளில்லாம எப்படிச் சொல்றது?" என்பார்.

இதை அக்கா எழுத்தெழுத்தாகத் தட்டி அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அந்த மறுபாதியைக் கணினிக்குள் ஏற்றினார், ஒரு தட்டலுக்கு முழு ஜெபமும் வரும்படியாக. அப்பா சொல்வது பழைய ஜெபம். அர்ச்சியசிஷ்ட, சர்வேசுரன் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயில் நுழையாத சொற்கள். கணினியின் வாயிலும் நுழையவில்லை. அத்தான் ஒவ்வொரு சொல்லையும் அசை அசையாகப் பிரித்து, எங்கே அழுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று எழுதி, ஓட்டிக் கேட்டு, மறுபடி திருத்தினார். கடவுள் உண்டா இல்லையா என்று ஒருநாளும் பேசாத மனிதர், அந்த மறுபாதியை வாரக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டே வீட்டில் நடமாடினார். சரியா என்று அக்காவைப் பார்ப்பார். அவள் புருவத்தை உயர்த்தினால் சரி, கண்ணை மூடினால் தப்பு.

சிகாமட்டில் அப்பாவின் காதருகே தம்பி தொலைபேசியைப் பிடித்திருந்தான். முதல் பாதியைச் சொல்லிவிட்டு அப்பா காத்திருந்தார். அந்தச் சளிக் குரல் மறுபாதியைச் சொன்னது. "யாருடா இது, ரேடியோவா?" என்று கேட்டார். அக்காதான் பொத்தானை அழுத்துகிறாள் என்று தம்பி விளக்கினான். அப்பா தொலைபேசிப் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "அவதான் அழுத்தறாளா? அப்ப அவ சொன்ன மாதிரிதான்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் நடந்தது.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், கூலாயில் இடி விழுந்தது. வீட்டில் மெயின் சுவிட்ச் கீழே விழுந்தது. அதை மேலே தள்ளியபோது விளக்கு வந்தது, மின்விசிறி வந்தது, கணினி வரவில்லை. அதன் மின்வழங்கி கருகியிருந்தது. அத்தான் ஸ்டோர் ரூமிலிருந்த மற்ற இரண்டையும் திறந்தார். ஒன்றின் பலகையில் மின்தேக்கிகள் உப்பி வெடித்திருந்தன. இன்னொன்று எப்போதோ செத்திருந்தது. ஐரோப்பாவில் யாரோ ஒருவரிடம் உதிரிப்பாகம் இருப்பதாகக் கண்டுபிடித்து அனுப்பச் சொன்னார். அது வரும்வரை மூன்றிலிருந்து ஒன்றைத் தேற்றிவிடலாம் என்று பற்றவைக்கும் கோலோடு உட்கார்ந்தார்.

அதே வாரத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. நான் லீவு போட்டுவிட்டு, ஆற்றில் வெள்ளம் ஏறுவதற்கு முன்னால் கடைசி ரயிலைப் பிடித்து சிகாமட் போய்ச் சேர்ந்தேன். மறுநாளே சாலைகள் மூழ்கின. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரே சொல்லிவிட்டார். அக்காவைக் கூலாயிலிருந்து அழைத்து வருவது நல்ல நாளிலேயே முடியாது. சாயங்காலம் அப்பா, "கூப்பிடு" என்றார். நான் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அத்தான் எடுத்து, கணினி ஓடவில்லை என்றார். அப்பாவின் காதில் அது ஏறவில்லை. அவர் முதல் பாதியைச் சொன்னார். காத்திருந்தார். மறுபடியும் முதல் பாதியையே சொன்னார். "தூங்கிட்டாளா?" என்று என்னைக் கேட்டார்.

நான் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "அத்தான், அலமாரியில அந்த லேப்டாப் இருக்குல்ல? அதுல போட்டுக் குடுங்க. நாளைக்கு ஒரு நாளைக்காவது."

"அதுல ஓடாதும்மா. இது இந்த மிஷினுக்குன்னே எழுதினது."

"ஓட வைக்க முடியாதா?"

"அதுக்கு நேரம் புடிக்கும். இது சீக்கிரம் சரியாயிடும். இன்னைக்கு ரெண்டு கெப்பாசிட்டர் மாத்திட்டேன்."

அடுத்த நாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். பற்றவைக்கும் ஈயத்தின் புகைக்கு அவர் இருமுவது தொலைபேசியில் கேட்டது. அப்பா ஒவ்வொரு சாயங்காலமும் முதல் பாதியைச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார், அக்கா அங்கிருந்து வரப்போகிறவள்போல. நான் மறுபாதியைச் சொன்னேன். "நீ இல்ல, அவ" என்றார். தம்பியின் வீட்டுக்குப் பின்னால் வெள்ளம் வாழைகளின் இடுப்புவரை ஏறியிருந்தது.

கடைசிச் சாயங்காலம் அப்பாவின் குரல் மூச்சாகத்தான் இருந்தது. தொலைபேசியை அவர் வாயருகே வைத்தேன். முதல் பாதியைச் சொன்னார். காத்திருந்தார். அப்போது மறுபக்கத்திலிருந்து மறுபாதி வந்தது. கணினி சரியாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதே நிறுத்தங்கள், அதே இடங்களில் அழுத்தம், அர்ச்சியசிஷ்ட என்பதை மூன்றாக உடைத்துச் சொல்கிற அதே விதம். பிறகுதான் குரல் வேறு என்று தெரிந்தது. அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கணினிக்குக் கற்பிப்பதற்காகக் கற்றுக்கொண்டதை, கணினி சொல்வதுபோலவே சொன்னார்.

"யாரு?" என்றார் அப்பா.

"அத்தான்ப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஜெபமாலையின் அடுத்த மணிக்கு முதல் பாதியைச் சொன்னார். அத்தான் மறுபாதியைச் சொன்னார். எத்தனை மணிகள் என்று நான் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் முதல் பாதி வரவில்லை. மறுபக்கத்தில் அத்தான் காத்துக்கொண்டிருந்தார். "மாமா?" என்றார். "மாமா?" நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளம் வடியவில்லை. சிகாமட் கல்லறைத் தோட்டத்தில் மேடான பக்கத்தில் அப்பாவை அடக்கம் செய்ததை அக்கா தொலைபேசித் திரையில் பார்த்தாள். பங்குச் சாமியார் பேசி முடித்ததும் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொன்னோம். அக்காவின் முறை வந்தபோது தம்பி தொலைபேசியைக் குழிக்கு நேராகப் பிடித்தான். திரையில் அவள் முகம் மட்டும் இருந்தது. அவள் முழங்கால் அசைந்ததாக அத்தான் பிறகு சொன்னார். கம்பியின் மறுமுனையில் எதுவும் இல்லை.

சாலை திறந்ததும் நான் நேராகக் கூலாய் போனேன். வழியெல்லாம் கோபத்தைச் சேர்த்துக்கொண்டே போனேன். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் மூன்று கணினிகளும் குடல் வெளியே தெரியக் கிடந்தன. அக்கா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அலமாரியைத் திறந்து மடிக்கணினியை எடுத்து, பாகங்களை ஒதுக்கிவிட்டு மேசைமேல் வைத்தேன்.

"இதுல லினக்ஸ் ஓடுமா ஓடாதா, அத்தான்? அத மட்டும் சொல்லுங்க."

அவர் மடிக்கணினியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "ஓடும்" என்றார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தார். அதில் இருந்ததை அழித்து லினக்ஸை ஏற்றினார். தன் நிரலைப் பழைய வட்டிலிருந்து எடுத்து மாற்றிப்போட்டார். எதிர் வரிசைத் திருத்தம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. மவுஸைச் செருகினார். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகும் சத்தம் தெருவில் கேட்டபோது வேலை முடிந்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு மத்தியான வேலதான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளைச் சொல்லவில்லை. அக்கா தட்ட ஆரம்பித்திருந்தாள். பல நாள் பேசாமல் இருந்தவள், முழங்கால் தவறித் தவறிப் போயிற்று. நாங்கள் இருவரும் திரையைப் பார்க்காமல் காத்திருந்தோம். பிறகு அந்தச் சளிக் குரல் பேசியது, எதுவுமே நடக்காததுபோல.

"என்னங்க. மிஷின் ரிப்பேர் பண்ணா சரியாகும். நான் ஆகமாட்டேன். அதான் அங்கேயே உக்காந்திட்டீங்க."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மறுபடி தட்டினாள். இந்த முறை இன்னும் நேரமாயிற்று.

"அப்பாவுக்கு நீங்க சொன்னது நல்லதுதான். எனக்கு கோவம் இல்ல. ஆனா அது என் எடம்."

அவர் எழுந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் முழங்காலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் தன் கை பட்டுவிடாமல் கவனமாக, நாற்காலியின் கால்மிதியைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருந்துச்சு" என்றார். "இது ஒண்ணுதான் என் கைக்கு அடங்கறதா இருந்துச்சு. இதையும் விட்டுட்டா..." நான் சமையலறைக்குப் போய், கழுவிவைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

அதன்பிறகு மேசைமேல் மடிக்கணினிதான் இருந்தது. அது ஒருநாளும் நிற்கவில்லை. அத்தான் ஸ்டோர் ரூம் பக்கம் போகவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி பிரிக்கப்படாமல் செருப்பு அலமாரிமேல் கிடந்தது. அவர் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலங்களில் அக்கா மறுபாதியைத் தட்டுவாள். முதல் பாதியைச் சொல்ல ஆளில்லை. அத்தான் சொல்லிப் பார்த்தார். அவருக்கு முதல் பாதி முழுதாகத் தெரியாது. அக்கா சொல்லிக் கொடுப்பதாக எழுதினாள். பிறகு, வேண்டாம், சும்மா உட்காருங்க என்று எழுதினாள். அந்த வருடம் முடிவதற்குள் முழங்காலும் நின்றுபோயிற்று. புருவத்தில் பொத்தானை வைக்க அத்தான் முயன்றார். அக்கா கண்ணை மூடினாள். தப்பு என்பதற்கு அவள் மூடுகிற அதே விதத்தில். அவர் கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டார். ஒரு காலையில், அவர் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா போய்விட்டாள்.

அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அத்தான் அன்று சொன்னதை நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் தொலைபேசியில் அவர் என்னிடம் பொய் சொன்னாரா? ஓடாது என்று உண்மையிலேயே நம்பினாரா? அல்லது அது ஓடிவிடும் என்பதுதான் அவருடைய பயமாக இருந்ததா? யாருக்கும் தேவையில்லாத கணினிகளை உயிரோடு வைத்திருப்பது அவருக்குத் தெரிந்த ஒரே அன்பு. அதே அன்பால்தான் அக்காவுக்குப் பேச்சு வந்தது. அதே அன்புதான் என் அப்பாவை வாசலைப் பார்த்துக் காத்திருக்க வைத்தது. இதில் எதைக் கழித்துவிட்டு எதை வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். கோபமும் இல்லாமல் சமாதானமும் சொல்லாமல் உள்ளதை உள்ளபடி சொல்ல அவளால் முடிந்தது.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது ஸ்டோர் ரூமில் மின்விசிறி இரையும் சத்தம் கேட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டியை அவர் கடைசியில் பிரித்திருந்தார். அச்சகத்துக் கணினிகளில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில், அந்த மடிக்கணினியில், ஒரு மின்னஞ்சல் திறந்திருந்தது. லினக்ஸில் இந்தச் சில்லுக்கான பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாருக்கும் பொதுவாக அனுப்பியது. பராமரிக்க ஆளில்லை, அடுத்த பதிப்பிலிருந்து இதை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம், யாராவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் ஆமாம் என்றாலும் வைத்துக்கொள்வார்களாம்.

"என்ன எழுதப்போறீங்க, அத்தான்?" என்றேன்.

"எழுதிட்டேன். இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாரு."

எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டே வரிகள்தான். என்னிடம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அதை நம்பி இப்போது இங்கே யாரும் இல்லை. நீங்கள் எடுத்துவிடலாம்.

நான் இரண்டு முறை படித்தேன்.

"சரியா இருக்கு" என்றேன்.

அவர் கையை நீட்டி அனுப்பினார்.